கட்டை மேல் நிற்கும் கார்

தம்பி,

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். அப்பாவின் காரை வாங்க வருகிறவர் பத்து மணிக்கு வந்தால் பார்க்கட்டும், பேட்டரியும் பெட்ரோலும் கொண்டுவந்திருந்தாலும் ஸ்டார்ட் செய்ய விடாதே. இருபத்தாறு வருஷம் சும்மா கிடந்த இன்ஜின். சிலிண்டருக்குள் எண்ணெய் ஊற்றி ஊறவைத்திருக்கிறேன். சாயங்காலம் ஒர்க்‌ஷாப்பிலிருந்து வந்து நான் கையால் சுற்றிப் பார்ப்பதற்குள் தொட்டாய், தொலைந்தாய்.

உன்னை நம்ப முடியாது. சாவியை எடுத்துக்கொண்டு போகிறேன்.

இன்னொன்று. நேற்றுக் கத்தினாயே, "நான் வீட்டை விட்டுப் போன ஆத்திரத்துல, என் கைக்குக் கிடைக்கக் கூடாதுன்னே அப்பா காரைப் பூட்டிட்டாரு"ன்னு? காலையில் அடியில் படுத்துப் பார்த்தேன். பெட்ரோலைச் சுத்தமாக வடித்து, டயர் தரையில் படாமல் நான்கு பக்கமும் கட்டை கொடுத்து, எலி புகாமல் புகைக்குழாயில் துணி அடைத்திருக்கிறார்.

அதற்கப்புறம் அவர் கார் ஓட்டவேயில்லை. எனக்கு அப்போது ஓட்டத் தெரியாது. யாருக்காகடா இவ்வளவும்?

அக்கா