ஈரச் சேலைகளும் இணையமும்

6 மே 2004
சிம்மக்கல் பிரௌசிங் சென்டரில் இன்றும் பதினொன்றுக்கு நெட் நின்றது. ஒன்றரைக்குத் தானாக வந்தது. கடை ஹரிராம் மாமாவுடையது, நடத்துவது நான். வந்தவர்கள் முன்னால் மாமா சொன்னார்: "போன் கம்பி மெதுவா இழுத்தாலும் இழுத்துச்சு. ஒன் காத்து நெட்டு சாப்பாட்டுக்குப் போயிருதே." கம்பியை விட்டு மொட்டைமாடியில் ஆண்டெனா வைக்கச் சொன்னது நான்தான்.

8 மே
வீட்டில் மாமாவின் கோபம் சௌராஷ்டிர மொழியில் வரும். தமிழில் பேசினால் முடிவெடுத்துவிட்டார் என்று பொருள். இன்று தமிழ். பதினாலாம் தேதி ப்ளஸ் டூ ரிசல்ட். அன்றைக்கும் நெட் நின்றால் மறுபடி பழைய கம்பி, எனக்கு அவருடைய ஜவுளிக்கடையில் கவுண்டர். சரி என்றேன்.

9 மே
கம்பிக்குள் ஓடும் துடிப்புக்குத் தனி வழி உண்டு. வெளியே என்ன நின்றாலும் கவலையில்லை. காற்றில் வரும் அலைக்கு அந்த உறை கிடையாது. ஆற்றுக்கு அந்தப்பக்கம் இருக்கும் டவரை நம் ஆண்டெனா நேராகப் பார்க்க வேண்டும். அப்படியானால் பதினொன்றுக்கு வந்து நடுவில் நிற்பது யார்?

10 மே
மாடிக்கு ஓடினேன். பக்கத்து போர்ஷன் சூடாமணி அக்கா, சாயம் அலசிய சுங்குடிச் சேலைகளைக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். கொடி கட்டியிருந்தது ஆண்டெனாக் கம்பத்தில், டவர் பார்க்கும் பக்கமாக. கட்டிக்கொடுத்தது — நான். நல்ல உயரம் என்று வேறு சொன்னேன். எம்புட்டு அறிவு எனக்கு!
ஈரச் சேலையில் இருக்கும் தண்ணீர் அலையை விழுங்குகிறது. காய்ந்ததும் விட்டுவிடுகிறது.
"கொடிய அந்தப்பக்கம் மாத்திக்கலாமாக்கா?"
"அங்கிட்டு நெழலு. சாயம் திட்டுத்திட்டா நிக்கும். நீ வேணா ஒன் கம்பத்த நகத்து."
நியாயம்தான்.

11 மே
வெல்டர் பேயாண்டி அண்ணனை வைத்து ஆண்டெனாவைத் தண்ணீர்த் தொட்டி மேல் ஏற்றினேன். "கீழ சேல, மேல நெட்டு. ரெண்டும் காயட்டும்மா" என்றார்.

14 மே
படியெல்லாம் பிள்ளைகள். பத்து மணிக்குத் தொடங்கியது. பரவையிலிருந்து வந்த தாமரைச்செல்வி தன் எண்ணை மூன்று முறை அடிக்கச் சொன்னாள். மூன்று முறையும் பாஸ்தான். பதினொன்று அடித்ததும் மாமா கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்றே காலுக்கு மாடிக்குப் போனார். சேலைகள் சொட்டிக்கொண்டிருந்தன; கீழே நெட் ஓடிக்கொண்டிருந்தது. கீழே வந்து கூட்டத்தை வரிசைப்படுத்தத் தொடங்கினார்.

17 மே
பரவையில் இன்னொரு சென்டருக்குத் தோதாக ஒரு கடை காலியாக இருக்கிறதாம். மாமா தமிழில் சொன்னார்: "நாளைக்கிப் போயிப் பாத்துட்டு வா. மொதல்ல அந்தக் கட மாடிக்கிப் போ. கொடி எந்தப் பக்கம் கட்டிருக்காகன்னு பாரு."