கொல்லையில் கொட்டிய மண்

சின்னவளுக்கு அப்பா சொல்லி எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பேரனும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கவேண்டும். இங்கே நாங்கள் இருக்கிறோம், எப்படி என்பது படித்தால் தெரியும். எழுதுகிறவர் முக்குத் தையல்கடைக்காரர். போன் உன் அண்ணன் கையில் இருக்கிறது, பேசும்போது பக்கத்திலேயே நிற்கிறான், அதனால்தான் கடிதம்.

எதிரே பழைய பேட்டரி பாக்டரி இடத்தில் அடுக்குமாடி கட்டுகிறார்கள் இல்லையா, முதல் வேலையாக அந்த மண்ணை வழித்து லாரியில் ஏற்றினார்கள். ஈயம் உருக்கின மண். அந்தச் சுவரோரம் மேய்ந்த ஆடு நுரை தள்ளி விழுந்ததும், வெயில்தாம்பா என்று பாக்டரி மேனேஜர் சொல்லிவிட்டுக் காரில் ஏறினதும் எனக்கு நேற்று மாதிரி இருக்கிறது. எங்கோ தூரத்துக் குழியில் மூடவேண்டியதை லாரிக்காரன் டீசல் மிச்சம் என்று கேட்டவனுக்கெல்லாம் கொட்டிவிட்டுப் போனான். ஓசி என்றால் நம் தெரு விடுமா, லாரியை மறித்துச் சண்டை. நான் கண் ஆபரேஷன் முடிந்து ஒரு கண்ணில் கட்டோடு வந்து இறங்கினால், தண்ணீர் தேங்கும் நம் கொல்லை படி உயரத்துக்கு மேடாகிக் கிடக்கிறது. பாத்தியாப்பா, சல்லிக்காசு செலவில்லாம மேடாக்கிட்டேன் என்று உன் அண்ணனுக்குப் பெருமை வேறு. கட்டு அவிழ்க்காமலே அந்த ஆசிட் வாடை எனக்குத் தெரிந்துவிட்டது.

எதிரே இப்போது வெளியிலிருந்து நல்ல மண் பரப்பிப் புல் வைத்து ஊஞ்சல் மாட்டி, குழந்தைகள் விளையாடலாம் என்று போர்டு வைத்திருக்கிறார்கள். அவர்கள் பிள்ளைகள் அங்கே புரளுகின்றன, அவர்கள் விஷம் நம் வீட்டில். உன் அண்ணி அதில் கீரை போட்டாள், தளதளவென்று வந்தது, நான் தொடவில்லை, கிழவனுக்கு நாக்கு நீளம் என்றாள். இந்த மண்ணை அள்ளி வெளியே போடுடா என்று உன் அண்ணனிடம் சொன்னால், வெளிய தெரிஞ்சா இந்த வீட்டை எவன் வாங்குவான், வாயை மூடிக்கிட்டுக் கெட என்கிறான் பெற்ற அப்பனை. தெரு முழுக்க வாயை மூடிக்கொண்டுதான் கிடக்கிறது.

பையன் தவழுறான்ப்பா, லீவுக்குத் தூக்கிட்டு வரேன் என்று போனில் சொன்னாய். உன் அண்ணன் பக்கத்தில் நின்றதால் வாம்மா என்றேன். வராதே அம்மா. தவழ்கிற பிள்ளை கையை வாயில்தான் வைக்கும். உன் மாமியார் வீட்டிலேயே தங்கு, ரோஷம் பார்க்காதே. நான் பஸ் ஏறி வருகிறேன். செருப்பைத் தெருவிலேயே விட்டு, குளித்து, பையில் கொண்டுவரும் துவைத்த சட்டையை மாற்றிய பிறகுதான் அவனைத் தூக்குவேன். அதுவரை அவன் என் பக்கம் தவழ்ந்து வந்தால் பிடித்து வைத்துக்கொள்.

மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட காலம் இருங்கள். பதிலைத் தையல்கடை விலாசத்துக்கே போடு, மறந்து வீட்டுக்குப் போட்டுவிடாதே.

இப்படிக்கு,
உன் அப்பா
(கைநாட்டு)