காய்ந்த ஏரியில் நீங்கள் சொன்ன பதில்

அண்ணே, உங்கள் காரியம் முடிந்த கையோடு உங்கள் மகன் நேற்று உங்களுடைய பைனாகுலரைக் கொடுத்துவிட்டுப் போனான். அதன் வாரில் நீங்கள் கழுத்துக்குத் தடவும் தைல வாசனை இன்னும் போகவில்லை. விக்கிரவாண்டிக்கு மேற்கே அந்தக் காய்ந்த ஏரி நினைவுக்கு வந்துவிட்டது.

திண்டிவனத்திலிருந்து பறவை பார்க்க ஆறு பேர் வேனில் போயிருந்தோம். சித்திரை வெயில். வெடித்த மண்ணோடு மண்ணாகப் பதுங்கியிருந்த கல்கௌதாரி ஜோடியை, முக்காலியில் பொருத்திய தொலைநோக்கி வழியே நீங்கள்தான் எனக்குக் காட்டினீர்கள். நான் கண்ணை எடுத்தபோது நம்மைச் சுற்றி ஊரே நின்றது. ஒருவன் கையில் நம் வேன் சாவி.

"இன்னாத்த அளந்துக்கினு இருக்கீங்க? இன்னொரு ரோடா?" என்றான் அவன்.

"குருவி பாக்க வந்தோம்ங்க," என்றேன். யாரும் நம்பவில்லை. ஒருவன் முக்காலியை உதைத்தான். அது விழுந்த சத்தத்தில் பறவைகள் இரண்டும் பறந்துபோயின. இனி காட்டுவதற்கும் ஒன்றுமில்லை.

ஓர் அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து உங்கள் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"பைபாஸுக்கு எங்க கொல்லைய அளந்த சர்வேயரு நீதானே?"

நீங்கள் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர் என்பது எங்களுக்குத் தெரியும். அந்த ஊரை அளந்தவர் என்பது தெரியாது. இல்லையென்று சொல்லச் சொல்லி உங்கள் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தேன்.

"ஆமாம்மா. நான்தான்," என்றீர்கள்.

ஒரு கம்பு உயர்ந்தது. அந்த அம்மா கையை நீட்டித் தடுத்தார்.

"எங்க கெணறு போச்சே, தெரியுமா?"

"தெரியும்மா. அளக்க வந்தப்பவே பாத்தேன். கைக்கு எட்டுற தண்ணி. பக்கத்துல ஒரு முருங்க மரம். இன்னிக்கு அளக்க வர்லம்மா, குருவி பாக்கத்தான் வந்தேன்."

கம்பு வைத்திருந்தவன் அந்த அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சாவியக் குட்றா," என்றார் கடைசியில். "நீ இன்னொரு தபா இந்தப் பக்கம் வராத."

அது மன்னிப்பு இல்லை. நீங்களும் கேட்கவில்லை.

வேன் தார்ச்சாலையில் ஏறியது. "ஒரு பொய் சொல்லியிருக்கலாமே அண்ணே," என்றேன். "அந்தம்மா மூஞ்சியப் பாத்து எப்பிடிப்பா சொல்றது?" என்றீர்கள். அங்கே என்ன பறவை வந்திருப்பதாக யார் சொன்னாலும் அதன்பின் நீங்கள் போகவே இல்லை.

போன மாதம் நான் உடற்கல்வி ஆசிரியராக இருக்கும் பள்ளிக்கு ஒரு தாய் வந்தார். "எம் பொண்ண கபடி டீம்லருந்து எடுத்தது யாரு?" என்று மைதானத்தில் நின்று கத்தினார். எல்லோரும் சேர்ந்து எடுத்த முடிவு என்று சொல்லி நழுவியிருக்கலாம். வாய்வரை வந்துவிட்டது. நீங்கள்தான் விடவில்லை. அவர் எதிரில் போய், "நான்தாம்மா," என்றேன். அவர் திட்டி முடிக்கும்வரை அங்கேயே நின்றேன்.