காலமானார் என்று நீ குறித்த பெயர்

தம்போய், ஜொகூர்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள கவினுக்கு,

கையில் போனை வைத்துக்கொண்டு காகிதத்தில் எழுதுகிறேனே என்று நீ சிரிப்பாய், அதற்கு முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். வாயைத் திறந்தால் வராதது எனக்கு எழுதினால் வருகிறது, அதோடு இது போன் போனாகச் சுற்றக்கூடாத விஷயம். அப்பாவும் நானும் சுகம்தான், நீயும் அந்த அயர்லாந்து மழையில் நனையாமல் வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறாய் என்று நம்பி எழுதுகிறேன். அப்பாவுக்கு இடுப்பு வலி குறைந்திருக்கிறது, ஆனாலும் நாலரை மணிக்கே மோட்டாரை எடுத்துக்கொண்டு சிங்கப்பூர் வேலைக்குக் கிளம்பிவிடுகிறார், பாலத்தில் நெரிசல் என்று தினமும் அதே புகார். எனக்கு இந்த வருஷம் நான்காம் ஆண்டு வகுப்பு, முப்பத்தோரு பிள்ளைகள். அதில் ஒருத்தி முதல் நாளே எழுந்து, டீச்சர் நீங்க சீனமா தமிழா என்று கேட்டாள். ரெண்டும்தான், இப்ப வாய்ப்பாட்டைச் சொல்லு என்றேன்.

உன் அத்தை மகள் லோஷினியின் பிறந்தநாளன்று அவர்கள் வீட்டில் எல்லாரும் சுற்றி நின்றபோது நீ வீடியோ காலில் வந்து, “அம்மா, ஒங்களப் பெத்தவங்களக் கண்டுபிடிச்சிட்டேன்” என்று சொன்னாய். நீ எனக்கு ஒரு பரிசு கொடுப்பதாகத்தான் நினைத்தாய், அது எனக்குத் தெரியும். லோஷினி உடனே தன் போனில் நீ போட்ட குடும்ப மரத்தைத் திறந்து கேக்குக்குப் பக்கத்தில் வைத்தாள். உன் காளிதாஸ் மாமா எட்டிப் பார்த்துவிட்டு, “அலமாக், இனிமே சீனப் பெருநாளுக்கு மச்சான் வீட்டுக்கு அங்பாவ் காசு வரும்லா, நமக்கும் பங்கு வேணும்” என்றார். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், பிறகு தட்டு கழுவுகிற சாக்கில் அடுப்படிக்குப் போய்விட்டேன். வீடு திரும்பும்போது காரிலிருந்தே அந்தப் பக்கத்தை மூடச் சொல்லி உனக்கு அனுப்பினேன். நீ உடனே மூடினாய், ஆனால் காரணம் சரியாக இருந்தால்தான் மூடியே வைப்பேன் என்றும் எழுதினாய். அது நியாயமான பேச்சு, படிக்கிற பிள்ளை அப்படித்தான் கேட்க வேண்டும். இப்போது காரணத்தைச் சொல்கிறேன்.

நீ கண்டுபிடித்தது சரி. மரபணுச் சோதனைக்கு எச்சில் அனுப்பி, அந்த மெல்பர்ன் பெண்ணின் ரத்தமும் உன் ரத்தமும் ஒத்துப்போவதைப் பார்த்து, அவளிடமே அவள் பாட்டியின் பெயரையும் ஊரையும் கேட்டு வாங்கி, வயதையும் நான் பிறந்த பெக்கான் நானாஸ் ஊரையும் சேர்த்துப் பார்த்து, நீயாக ஒரு கோடு போட்டாயே, அந்தக் கோடு சரியான இடத்தில்தான் போய் நிற்கிறது. அவர் யார் என்று எனக்கு இருபத்தோரு வருஷமாகத் தெரியும். அவர் பெயரை நான் இந்தக் கடிதத்திலும் எழுதப்போவதில்லை.

நான் சீனக் குழந்தையாகப் பிறந்து தமிழ் வீட்டில் வளர்ந்தவள் என்பது என்றைக்கும் ரகசியமில்லை, என் முகத்தைப் பார்த்தாலே தெரியும். அந்தக் காலத்தில் தோட்டத்தில் லயத்து வீட்டு வரிசைக்கு ஒருத்தியாவது என்னைப் போல இருந்தாள், பொட்டும் பூவுமாக வளர்ந்து தமிழ்ப் பள்ளிக்கூடம் போனாள். யார் கொடுத்தார்கள் என்பது மட்டும்தான் ரகசியம். நீ வயிற்றில் இருந்தபோது கிளினிக்கில் தாதி, குடும்பத்தில் யாருக்குச் சர்க்கரை, யாருக்கு ரத்த அழுத்தம் என்று கேட்டாள், நான் எல்லாவற்றுக்கும் தெரியாது என்றே எழுதச் சொன்னேன். அன்று பஸ்ஸில் திரும்பும்போதுதான் என்னை வளர்த்த அம்மா புஷ்பவள்ளி சொன்னார்கள். அன்னாசித் தொழிற்சாலையில் அம்மாவுக்குப் பக்கத்து மேசையில் பழம் சீவிக்கொண்டிருந்த பெண், பத்தொன்பது வயது, கல்யாணமாகவில்லை. அம்மா என்னைத் துணியில் சுற்றி வாங்கிக்கொண்டார்கள். பிறகு அவருக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆனது, கணவருக்கு இன்றுவரை தெரியாது, பிள்ளைகளுக்கும் தெரியாது. “யாருக்கும் சொல்ல மாட்டேன்னு அந்தப் புள்ள தலையில அடிச்சு சத்தியம் பண்ணியிருக்கேன். ஒனக்குச் சொல்லிட்டேன், ஒன்னோட நிக்கட்டும்” என்று அம்மா சொன்னார்கள். உன் அப்பாவுக்கு மட்டும் சொன்னேன், இப்போது உனக்கு.

கவின், உயிரோடு இருப்பவர்களின் பெயரை அந்த இணையத் தளம் வெளியே காட்டாது என்று லோஷினி சொன்னாள். நீ அந்தக் கட்டத்தைத் திறப்பதற்காக அவரைக் காலமானார் என்று குறித்திருக்கிறாய். உனக்கு அது ஒரு பொத்தான். அந்த அம்மாவை நான் போன மாதம்கூடப் பார்த்தேன். பெக்கான் நானாஸில் சாலையோரத்தில் அன்னாசிப் பழக்கடை வைத்திருக்கிறார், கத்தியை எடுத்தால் மூன்றே நிமிஷத்தில் ஒரு பழத்தைச் சீவிவிடுவார், தமிழும் பேசுவார். என்னிடம், “வெட்டித் தரவா, வூட்டுல போயி நீயே வெட்டிக்கிறியா” என்று கேட்டார். வெட்டித் தாங்க என்றேன். இத்தனை வருஷத்தில் எங்களுக்குள் நடந்த பேச்சு அவ்வளவுதான். அவருக்கு என்னைத் தெரியுமா என்று எனக்குத் தெரியாது, நான் கேட்டதும் இல்லை.

எச்சில் உன்னுடையது, துப்பிக் கொடுக்க உனக்கு உரிமை உண்டு. ஆனால் அதில் பாதி நான், கால்வாசி அவர். எங்கள் இருவரையும் கேட்காமல் நீ எங்களை உலகத்துக்கு முன்னால் வைத்துவிட்டாய். என்னைப் பற்றி எனக்குக் கவலையில்லை. அறுபது வயதுக்கு மேல் அவர் தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்கக்கூடாது. அதனால் மூடினால் மட்டும் போதாது, அந்தப் பெயரையே அழித்துவிடு, அந்தப் பெண்ணோடு நீ போட்ட இணைப்பை எடுத்துவிடு, இனி யாரும் உன்னைத் தேடிப் பிடிக்காதபடி அமைப்பையும் மாற்று. நாம் எப்படி உறவு என்று கேட்டு அவள் அனுப்பிய செய்திக்குப் பொய் எழுதாதே. என் வீட்டுப் பெரியவர்களைக் கேட்காமல் இதில் இறங்கிவிட்டேன், மேலே சொல்ல எனக்கு அனுமதியில்லை, மன்னித்துக்கொள் என்று மட்டும் எழுது, அது முழு உண்மை. நீ செய்வாய், அதில் எனக்குச் சந்தேகமில்லை. காளிதாஸ் மாமாவிடமும் லோஷினியிடமும் கவின் தப்பாகக் கணக்குப் போட்டுவிட்டான் என்று சொல்லிவிட்டேன். உனக்கு ஒரு பொய்யை விலக்கிவிட்டு நானே ஒன்று சொல்லிவிட்டேன், போகட்டும், அது என் கணக்கில் இருக்கட்டும்.

கம்பளிக் காலுறை நான்கு ஜோடி அனுப்பியிருக்கிறேன், அடுக்கி வைக்காமல் போட்டுக்கொள். பரீட்சைக்கு முந்தின நாள் கண் விழிக்காதே. கடவுள் உன்னை நல்ல புத்தியோடும் உடல் பலத்தோடும் வைத்திருக்கட்டும், நீ தொட்டதெல்லாம் நிறைவாக முடியட்டும். டிக்கெட் விலை ஏறுவதற்குள் டிசம்பருக்குப் பதிவு செய்துவிடு.

கடைசியாக ஒன்று, கேட்கலாமா வேண்டாமா என்று இவ்வளவு நேரம் தள்ளிக்கொண்டே வந்தேன். நீ வந்ததும் ஒரு நாள் என்னைப் பெக்கான் நானாஸுக்கு அழைத்துப் போ. யார் என்று சொல்ல வேண்டாம், படம் எடுக்க வேண்டாம், என்னை அம்மா என்று மட்டும் சாதாரணமாகக் கூப்பிடு. நீயே போய்ப் பழம் கேள், வெட்டித் தரச் சொல், அவர் சீவி முடிக்கும்வரை அவர் எதிரில் நின்றுகொண்டிரு.

உன் அம்மா,
கஸ்தூரி