எட்டு வருடம் கார் ஓட்டிய அம்மா

ஊஸ்டர், சுவிஸ்,
14.06.1998

மாதா துணை

அன்பு மகன் டெஸ்மன்டுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் ஆண்டவர் புண்ணியத்தில் நடமாடிக்கொண்டிருக்கிறோம். அங்கே நீயும் மருமகள் டயனாவும் என் மெலனிக் குஞ்சும் நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டுமென்று நேற்று எக் ஊர் அந்தோனியார் கோயில் திருவிழாவில் மெழுகுதிரி கொளுத்தினேன். இருந்ததிலேயே உயரமான திரியாகப் பார்த்து எடுத்தேன். இந்த இரண்டு கிழமையில் எனக்கு வந்த அதிர்ச்சிகளுக்குச் சின்னத் திரி காணாது. நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் துணி மடிக்கும்போது தலையணை உறைக்குள் துவாயைத் திணித்து வைத்துவிட்டு மேற்பார்வைக்காரியிடம் பேச்சு வாங்கினேன்.

உன் கடிதம் போன மாதக் கடைசியில் கிடைத்தது. ரொறன்ரோவில் கார்க் காப்புறுதி எடுப்பது கஷ்டமாக இருக்கிறது, நான் அங்கே ஓட்டின வருடங்களில் விபத்து இல்லை என்று பழைய காப்புறுதிக் கந்தோரில் ஒரு கடிதம் வாங்கி அனுப்புங்கோ, ஒரு சின்னப் பொலிஸ் பிரச்சினைதான், அப்பாவுக்குச் சொல்ல வேண்டாம் என்று எழுதியிருந்தாய். அங்கத்தைய காப்புறுதிக் கம்பனி என்ன கேட்கிறது என்று காட்டுவதற்கு, நீ நிரப்பிய நாலு பக்கப் பாரத்தையும் படியெடுத்து உள்ளே வைத்திருந்தாய். அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது என்ற தைரியமாக்கும். எனக்குத் தெரியாது, கீழ் மாடியில் இருக்கும் சந்திரமதிக்குத் தெரியும். ஊரில் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் படிப்பித்தவள். முதல் பக்கத்தைப் பாட்டுப்போல வாசித்தாள். இரண்டாம் பக்கத்தில் அவள் குரல் இறங்கிவிட்டது. அக்கா, உங்களுக்கு இது தெரியுமோ என்று கேட்டாள். மிச்சத்தையும் வாசி என்றேன். குடித்துவிட்டு ஓட்டியதற்காகப் போன ஓகஸ்டிலிருந்து ஒரு வருடத்துக்கு உன் லைசன்ஸைப் பறித்திருக்கிறார்களாம். வருகிற ஓகஸ்டில் அது திரும்ப வந்தாலும் காப்புறுதி இல்லாமல் காரை ரோட்டில் இறக்க முடியாதாம். மற்றக் கம்பனிகள் உன்னைத் திருப்பி அனுப்பிவிட்டன, ஆபத்தான சாரதிகளை மட்டும் எடுக்கிற இந்தக் கம்பனி ஒன்றுதான் மிச்சமாம். தொழில் என்ற இடத்தில் பாண் விநியோக வான் ஓட்டுபவர், இப்போது வேலை இல்லை, லைசன்ஸும் காப்புறுதியும் காட்டினால் முதலாளி திரும்ப எடுப்பார் என்று எழுதியிருக்கிறாய். பத்து மாதம், டெஸ்மன்ட். பத்து மாதமாக ஒவ்வொரு ஞாயிறும் போனில் வேலை எப்படி என்று கேட்டேன், நல்லாய்ப் போகுது அம்மா என்றாய். நான் நம்பினேன். அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். கடைசிப் பக்கத்தில் சம்பவத்தின்போது வாகனத்தில் வேறு யார் என்ற கேள்விக்கு, மகள், வயது நான்கு, பின் சீட் என்று உன் கையாலேயே எழுதியிருந்தாயே, அதைச் சந்திரமதி வாசித்தபோது தாளை அவள் கையிலிருந்து வாங்கிவிட்டேன். டயனா எங்கே இருந்தாள், பிள்ளை அழுததா, பொலிஸ்காரன் அவளைத் தூக்கினானா, ஒன்றும் எனக்குத் தெரியாது. அந்தப் பாரத்தில் அதற்கெல்லாம் இடம் இல்லை.

இவ்வளவும் தெரிந்த பிறகும் நான் கந்தோருக்குப் போனேன், பெற்ற மனம். அப்பாவுக்குச் சொல்லாமல் வேலை முடிந்து நேரே போனேன். அங்கே திரு. விட்மர் என்று ஒரு மனிதர், நமக்கு விளங்கட்டும் என்று மெதுவாகக் கதைக்கிற நல்ல மனிதர், எங்கள் காப்புறுதிக் கோப்பை எடுத்துப் புரட்டிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். எட்டு வருடமாகக் கார் உங்கள் பெயரில் இருக்கிறது, வழமையாக ஓட்டுபவரும் நீங்களே, எட்டு வருடத்தில் ஒரே ஒரு விபத்து, நீங்கள் நல்ல சாரதி என்று பாராட்டினார். நான் எனக்குப் பின்னால் யாரும் நிற்கிறார்களோ என்று திரும்பிப் பார்த்தேன். நானா சாரதி! வளைவில் கார் திரும்பினாலே கண்ணை மூடிக்கொண்டு செபமாலையைப் பிடிக்கிறவள், முன் சீட்டில்கூட இருக்கப் பயந்தவள். அப்போதுதான் நினைவு வந்தது. அப்பா பழைய காரைக் கடைச் சுவரில் இரண்டு தரம் இடித்து, அவர் பெயரில் கட்டணம் ஏறிவிட்டது. உனக்கு லைசன்ஸ் கிடைத்துப் புதிது. ஒரு பிழையும் செய்யாத ஆளின் பெயரில் போடுங்கோ, குறைவாக வரும் என்று எங்கள் ஆள் ஒருவர் புத்தி சொன்னார். வீட்டில் பிழை செய்யாத ஆள் நான்தானே, ஸ்டியரிங்கைத் தொட்டவளே இல்லையே. அப்பா விரல் வைத்த இடத்தில் கையெழுத்துப் போட்டேன். ஊஸ்டரில் எங்கள் சனத்தின் பாதிக் கார்களை என்னைப்போல ஓட்டத் தெரியாத பெண்கள்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள் போலும். யோசிக்காமல் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன், எனக்குக் கார் ஓட்டவே தெரியாது, லைசன்ஸே இல்லை என்று. அவர் பேனையைக் கீழே வைத்தார். பிறகு சிரிக்கவில்லை. அப்படியானால் இந்த விபத்தில் ஓட்டியது யார் என்று ஒரு தாளை எடுத்து வாசித்தார். தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு ஒக்டோபர், வெற்சிக்கோன் ஸ்டேசனுக்குப் பக்கத்தில் மஞ்சள் கோட்டில் ரோட்டைக் கடந்துகொண்டிருந்த ஒரு பெண், இடுப்பெலும்பு முறிவு, ஓட்டியவர் டெஸ்மன்ட் யேசுதாசன். இன்னொருதரம் வாசியுங்கள் என்று கேட்டேன். வாசித்தார். அதே பெயர்தான்.

வீட்டுக்கு வந்து அப்பாவைக் கேட்டேன். முதலில் உனக்கேன் இப்ப அந்தக் கதை என்றார். பிறகு கதிரையில் இருந்து எல்லாம் சொன்னார். நீ குடித்திருக்கவில்லை, வெயில் கண்ணில் அடித்தது என்றுதான் சொன்னாயாம், இரத்தமும் எடுத்துப் பார்த்தார்களாம். அப்பா பூ வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாராம். அம்மாவுக்கு நெஞ்சு தாங்காது என்று நீங்கள் இரண்டு பேரும் பேசி முடிவெடுத்தீர்களாம். அந்த மாதம் காரைத் திருத்தக் கராச்சில் விட்டிருக்கிறோம், பிரேக் சரியில்லை என்று சொன்னீர்களே, நானும் பிரேக்குக்காகச் செபம் பண்ணினேனே. என் நெஞ்சை யார் உங்களிடம் அளக்கக் கொடுத்தது? அப்பா உனக்காக என்னிடம் மறைத்தார், இப்போது நீ உனக்காக அவரிடம் மறைக்கச் சொல்கிறாய். நான் மறைக்கவில்லை, பாரத்தை மேசையில் வைத்துச் சந்திரமதி வாசித்ததையெல்லாம் சொன்னேன். மெலனியின் இடம் வந்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை அவருக்கு. என்னோடும் கோபம்தான், கந்தோரில் வாயை மூடிக்கொண்டு இருக்கத் தெரியாதோ என்று. ஜூலையிலிருந்து கார் அவர் பெயருக்கு மாறுகிறது, கட்டணம் உச்சத்தில். விடிய நாலு மணிக்கு ரெஸ்ரோறண்ட் கழுவப் போக வேறு வழி இல்லாதபடியால் கட்டத்தான் வேண்டும். கட்டட்டும். பொய்க்குக் கிடைத்த கட்டணக் கழிவு எட்டு வருடம் காணும்.

அந்தப் பெண்ணின் பெயரும் தெருவும் அப்பாவுக்கு நினைவிருந்தது. ஃப்ராவ் பொஸ்ஹார்ட், இங்கேதான், ஏரிப் பக்கம் இருக்கிறா. போன வியாழக்கிழமை ஒரு கேக் செய்துகொண்டு போனேன். மணியை அடித்துவிட்டு ஓடிவிடலாம் என்றும் நினைத்தேன். எழுபது வயதிருக்கும், கையில் ஊன்றுபொல்லு, கதவு திறக்க வர நேரம் எடுத்தது. உன் பெயரைச் சொல்லி, நான் அவனுடைய அம்மா, ஐந்து வருடம் பிந்தி வந்திருக்கிறேன், எனக்குத் தெரியாது என்று என் உடைந்த டொச் மொழியில் சொன்னேன். திட்டுவா என்று நினைத்தேன். உள்ளே கூப்பிட்டுத் தேத்தண்ணி தந்தா. முன்பு ஒவ்வொரு ஞாயிறும் மலை ஏறப் போகிறவவாம், இப்போது வீட்டுப் படியே ஒவ்வொன்றாகத்தான். அதை முறைப்பாடாகச் சொல்லவில்லை, அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது. உன்னை நன்றாக நினைவு வைத்திருக்கிறா. அம்புலன்ஸ் வரும்வரை நீ ரோட்டில் முழங்காலில் இருந்து, உன் ஜக்கெற்றைக் கழற்றி அவவின் தலைக்குக் கீழே வைத்து, கையைப் பிடித்துக்கொண்டு அழுதாயாம். இனி என் வாழ்நாளில் கார் ஓட்ட மாட்டேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னாயாம். நல்ல பிள்ளை, அப்படி ஒரு சத்தியத்தை நான் அவனிடம் கேட்கவே இல்லை என்றா. பிறகு கோப்பையை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்து, இப்ப அவன் கார் ஓட்டுறானோ என்று கேட்டா. கேக்கை வெட்டித் தருகிறேன் என்று எழும்பிவிட்டேன்.

நீ கேட்ட கடிதம் இதோடு இருக்கிறது. ஓட்டியது நீதான் என்று நான் எழுதிக் கையெழுத்து வைத்ததன் பேரில் திரு. விட்மர் தந்தார். கனடா போகும்வரை ஐந்து வருடம் நீ ஓட்டியது, ஒரு விபத்து, காயப்பட்டவர் ஒருவர், எல்லாம் அதில் இருக்கிறது. விபத்தே இல்லை என்று ஒரு கடிதம் உனக்கு இந்த ஊரில் கிடைக்காது. இதைக் கொடுத்தால் அவர்கள் உன்னை எடுப்பார்களோ தெரியாது, வேலை திரும்பக் கிடைக்காவிட்டால் உன் வீடு எப்படி ஓடும் என்றும் எனக்குத் தெரியாது, அதை நினைத்தால் நித்திரை வருவதில்லை. ஆனால் என் பேத்தி பின் சீட்டில் இருந்தாள் என்பதை வாசித்தபிறகு, உனக்கு அந்தக் காப்புறுதி கிடைக்க வேண்டும் என்று அந்தோனியாரிடம் கேட்க என் வாய் வரவில்லை. நீ குடியை விட வேண்டும் என்றுதான் அந்தத் திரியை ஏற்றினேன். டயனாவைக் கோபிக்காதே, அவள் எங்களுக்கு ஒன்றும் சொல்லவில்லை. அப்பா உன்னோடு கதைக்க மாட்டேன் என்கிறார், ஆனால் போன் அடித்தால் முதலில் எழும்புகிறவர் அவர்தான்.

உன்னையும் டயனாவையும் என் மெலனியையும் மாதா தன் சேலைக்குள் வைத்துக் காக்கட்டும். என் ஆசீர் எப்போதும் உன் தலையில் இருக்கும், நீ எதைச் செய்தாலும். ஒன்று மட்டும் மறவாதே. திரும்ப வருவேன் என்று ஃப்ராவ் பொஸ்ஹார்ட்டிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். அவவின் கேள்விக்கு நான் என்ன சொல்ல வேண்டும் என்று எனக்கு எழுது. போனில் சொல்லாதே மகன். போனில் நீ நல்லாய்க் கதைப்பாய்.

உன் அம்மா,
எமிலி யேசுதாசன்