சாமி கேட்ட புருவம்

ஆவணி 10, புதன்

இன்று குழாயடியில் எதிர்வீட்டுச் சரோஜா அத்தை அம்மாவிடம் கேட்டதை நான் மறக்கமாட்டேன்.

அண்ணனுக்கு இரத்தப் புற்றுநோய் என்று தெருவில் யாருக்கும் தெரியாது. தெரிந்தால் துக்கம் கேட்பதுபோல் வந்து உட்கார்ந்துவிடுவார்கள் என்று அம்மாவுக்குப் பயம். மதுரையில் மருந்து ஏற்றி அண்ணனுக்கு முடி கொட்டியதும் அப்பாவும் மொட்டை அடித்துக்கொண்டார். குலசாமிக்கு நேர்ந்தது என்று சொன்னோம். எல்லாரும் நம்பினார்கள்.

சரோஜா அத்தை மட்டும் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "ஏன் மதினி, ஒங்க சாமி மகன்கிட்ட மட்டும் புருவத்தையும் சேத்துக் கேட்டுச்சாக்கும்?" என்றாள். நாலு பேர் சிரித்தார்கள். அம்மா பாதிக் குடத்தோடு திரும்பிவிட்டாள்.

"அடுத்து ஒங்க நாக்கைக் கேக்குமாம் அத்தே" என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அது மத்தியானம் கணக்கு வகுப்பில்தான் தோன்றியது. நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

சாயங்காலம் அம்மா சொல்லக் கேட்ட அப்பா, கண்ணாடி முன் உட்கார்ந்து தன் இரண்டு புருவத்தையும் வழித்துவிட்டார்.

"அடுத்த தண்ணிக்கு நாந்தான் குடத்த எடுத்துட்டுப் போறேன். அவ என்னயக் கேக்கட்டும்."

"முட்டைக்குக் கண்ணு வச்ச மாதிரி இருக்கீகப்பா" என்றான் அண்ணன். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

நானும் கூடப் போவேன். சரோஜா அத்தையின் முகம் போகிற போக்கைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். தண்ணீர் ஞாயிற்றுக்கிழமைதான் வரும். அதுவரை அப்பாவுக்குப் புருவம் முளைக்கக் கூடாது.