உன் கடைசிப் பாட்டின் மேல் என் பேச்சு

இன்று காலை உன் அப்பா வீட்டு வாசலில் உன் மகள் சைக்கிள் ஓட்டிக்கொண்டே உன் பாட்டைப் பாடினாள். நீ பாடிய இடத்திலிருந்து அல்ல. "வணக்கம் பெருமக்களே! ஆசியாக் கண்டமே அண்ணாந்து பார்க்கும் எங்கள் மூன்றாம் ஷிப்ட் குழுவினர்..." என்று தொடங்கினாள். அது நான் பேசியது. பாட்டின் முதல் அடியே அதுதான் என்று குழந்தை நினைத்திருக்கிறது. குடித்துக்கொண்டிருந்த டீயைக் கீழே வைத்துவிட்டேன்.

உன் சித்தப்பா ஒன்பதாவது தாண்டாதவன்தான். ஆனால் இந்த வட்டாரத்துத் திருவிழாக்களில் மெல்லிசை மேடைக்கு மைக் பிடித்த அறிவிப்பாளன். பண்ருட்டியில் நான் பேசினால் பஸ் நிற்கும் என்று உன்னிடம் எத்தனை தடவை அளந்திருப்பேன்! "அது டயரு பஞ்சராயி நின்னுது சித்தப்பா" என்பாய்.

தானே புயலுக்கு அடுத்த வருஷம் நீங்கள் நாலு பேர், எல்லாரும் நிலக்கரி மைன்ஸில் காண்ட்ராக்ட் வேலை, 'மூன்றாம் ஷிப்ட்' என்று குழு ஆரம்பித்தீர்கள். ராக் என்றாய். சினிமாப் பாட்டே கிடையாது. தலைக்கு மேல் கரி சுமந்து ஓடும் கன்வேயர் பெல்ட்டைப் பற்றி ஒரு பாட்டு, கம்பெனி குவார்ட்டர்ஸைக் காலி செய்யும் குடும்பத்தைப் பற்றி ஒரு பாட்டு. முதல் மூன்றையும் செல்போனில் பதிவு செய்து நெட்டில் போட்டீர்கள். திருவதிகைத் திருவிழா மேடையில் "குத்துப்பாட்டு போடுடா" என்று கத்தினார்கள். நீ கண்ணை மூடிக்கொண்டு உன் பாட்டையே பாடி முடித்தாய். அன்று ஐயாயிரம் பேர் என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அறுபது பேர் இருந்திருப்பார்கள்.

பிறகு அந்தக் கடைசிப் பதிவு. என் குவார்ட்டர்ஸ் ஹாலில், ஜன்னலுக்குப் போர்வை கட்டி, எல்லாருக்கும் சேர்த்து ஒரே மைக். டிரம்ஸ் வாசிப்பவனுக்கு இரண்டாம் ஷிப்ட். பஸ்ஸுக்குப் பதினைந்து நிமிஷம்தான் இருந்தது. "சித்தப்பா, தும்மக்கூடக் கூடாது" என்றாய். கிதார் தொடங்கியது. எங்கள் மேடைகளில் வாத்தியம் தொடங்கினால் அறிவிப்பாளன் பேசியாக வேண்டும். இருபது வருஷப் பழக்கம். மைக் எதிரிலேயே இருந்தது. பேசிவிட்டேன். நீ வாயைத் திறந்த பிறகும் நிறுத்தவில்லை, புகழ்ந்துகொண்டே போனேன். நேரமில்லாததால் நீங்களும் நிறுத்தாமல் வாசித்தீர்கள்.

"இன்னா சித்தப்பா, இப்டி பண்ட்டீங்க!" என்று டிரம்ஸ்காரன் தலையில் அடித்துக்கொண்டு ஓடினான். நீதான், "வுடு, அடுத்த வாரம் திருப்பி எடுத்துக்கலாம்" என்றாய்.

அடுத்த வாரத்துக்குள் வடலூர் சாலையில் லாரி மோதி நீ போய்விட்டாய். பதிவு செய்த அன்று காலையில்தான் நீ எழுதிய பாட்டு அது. எழுதிய காகிதம் கிடைக்கவில்லை. என் பேச்சில் மூழ்கிப்போன முதல் இரண்டு அடி கூட வாசித்தவர்களுக்கும் நினைவில்லை.

குழந்தை பாடியதைக் கேட்டு உன் அப்பாவும் அக்கம்பக்கத்தாரும் வாசலில் கூடிவிட்டார்கள்; உன் மனைவியும் வெளியே வந்தாள். "மாமா, நீங்க பேசிகினு இருக்கீங்களே, அந்த எடத்துல அவரு இன்னா பாடுறாரு? பாப்பாவுக்குச் சரியா சொல்லித் தரணும்."

எனக்கு எப்படித் தெரியும்? நான்தான் பேசிக்கொண்டிருந்தேனே. ஆனால் என் வாய் சும்மா இருக்குமா? 'நிலவே நீ என் வாசல் வந்தாய், நெஞ்சம் குளிர வைத்தாய்' என்று நின்ற இடத்திலேயே கட்டிச் சொன்னேன். மெட்டிலும் உட்கார்ந்துவிட்டது. அவள் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

சாயங்காலம் திரும்பப் போனேன். "அது அவன் எழுதுனது இல்லம்மா. நான் வுட்டது."

"தெரியும் மாமா." துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை. "எந்தப் பாட்டுலயாவது அவரு நெலான்னு எழுதியிருக்காரா? அவருக்கு அண்ணாந்து பாத்தாலும் கன்வேயர்தான் தெரியும்."

"அப்புறம் ஏம்மா எழுதிகின?"

"எல்லார் எதிர்லயும் பெரியவங்கள இல்லன்னு சொல்ல முடியுங்களா?"

கழற்றிய செருப்பைத் திரும்ப மாட்டிக்கொண்டேன். அப்போது உன் மகள் வந்து என் கையைப் பிடித்து இழுத்தாள். "தாத்தா, எங்கப்பா அங்க இன்னா பாடுனாரு?"

நாக்கு நுனியில் நாலு வரி தயாராக வந்து நின்றது. நல்ல வரிகள்தான்.

"தெரியாது பாப்பா" என்றேன். "தாத்தா காது குடுத்துக் கேக்கல."